கிறீன் வைத்தியரும் கொப்புள நோயும்

கொப்புளம் என்றவுடன் நம் தீவகத்து மக்களின் நினைவுக்கு முதலில் வருவது அம்மாள் வருத்தம். நயினாதீவாயினும் நெடுந்தீவாயினும் ஊர்காவற்றுறையாயினும், உடம்பில் நீர்கோத்த கொப்புளங்கள் எழுந்துவிட்டால், கொப்பளிப்பான் என்று துணிந்து, வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியைத் தனியே கிடத்திவிடுவது வழக்கம். பெரும்பாலும் அத்துணிபு சரியாகவே இருக்கும். சில நாளிற் கொப்புளம் வற்றும், தலைக்குத் தண்ணீர் வார்ப்பர், காரியம் முடிந்துவிடும்.

ஆயினும், வற்றாத கொப்புளமும் ஒன்று உண்டு. அது மிக அரிது. முதலில் வாய்க்குள்ளே புண்ணாகத் தோன்றும். உறைப்புக் கறி உண்ண இயலாது. பின்னர் வெறுஞ் சோறும் விழுங்க இயலாது. வாய்ப்புண் என்று வாரங்களும் மாதங்களும் கழியும். அதன் பின் மார்பிலும் முதுகிலும் தலையிலும் தளர்ந்த நீர்க்கொப்புளங்கள் எழும். கை பட்டாலே அவை உடையும், உடைந்த இடம் தீயிற் சுட்டதுபோலத் தோலுரிந்து கிடக்கும், ஆறுவது அரிது. வீட்டார் அம்மாள் என்பர். அயலார் குலதெய்வக் குற்றம் என்பர். இரண்டும் அன்றெனின் செய்வினை என்பர். பிள்ளைகளை அண்டவிடார். உண்மையில் இந்நோய் ஒட்டுவதன்று. எவருடைய குற்றத்தாலும் வருவதன்று. பெம்பிகஸ் என்பது இதன் மேனாட்டுப் பெயர். கொப்புளம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது அது. ஆகவே பெயரளவில் மேனாட்டாரும் நம்மைப்போலவே கண்டதைக் கண்டபடி கூறியவரே.

இந்நோயுடையார் ஒருவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று திரும்பும் உறவினர் கையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு துண்டு இருக்கும். அதில் உள்ளது யாதென அவர்க்குத் தெரியாது. கேட்டால், ஏதோ இரத்தத்தில் உள்ள பிழையாம் என்பர். நோயை அறிதல் என்பது வைத்தியர் அறிவதோடு முடிந்துவிடுமா? நோயாளி தன் உடம்பில் நிகழ்வது இன்னதென்று தன் மொழியில் அறியவேண்டாவா? ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னே இவ்வினாவைத் தம் வாழ்வின் வினாவாகக் கொண்டவர் ஒருவர் மானிப்பாயில் இருந்தார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர். அவர் பெயரை அறியாதார் யாழ்ப்பாணத்திற் சிலரே. அவர் செய்தது யாதென அறிந்தாரும் சிலரே.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பதை ஈண்டு நினைத்தல் சுவையுடையது. ஒருவர் சைவங் காக்க எழுந்தவர். மற்றவர் கிறித்து மதம் பரப்ப வந்தவர். கொள்கையால் இருவரும் எதிர்க்கரையினர். எனினும் எளிய தமிழ் வசனத்தால் அறிவைப் பொதுமக்களுக்குக் கொடுக்கலாம் என்று நம்பியதில் இருவரும் ஒரு கரையினரே. 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே கிறீன் தம் முதல் வைத்திய வகுப்பைத் தொடங்கினார்.

கிறீனுடைய குடும்பம் பெரியது. அவருடைய தமையனார் அந்திரூ கிறீன் நியூயோர்க் நகரத்தின் நடுவே உள்ள பெரும் பூங்காவை அமைப்பதிலும், சிதறிக்கிடந்த ஊர்களை ஒன்றாக்கி இன்றைய பெருநகரை உருவாக்குவதிலும் முன்னின்றவர். தம்பியாரும் அந்நகரத்திலேயே வைத்தியக் கல்வி கற்று 1845இற் பட்டம் பெற்றார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த நகரில் தமையனார் நிழலில் அமர்ந்திருக்கலாம். அவரோ 1847இல் அமெரிக்க மிஷன் சங்கத்தாரின் வைத்தியராய்க் கப்பலேறி, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

அவர்க்கு முன்பே இங்கு மேனாட்டு வைத்தியம் வந்துவிட்டது. பண்டத்தரிப்பில் ஸ்கடரும், அவருக்குப் பின் வட்டுக்கோட்டையில் வார்ட் என்பாரும் மருந்து கொடுத்தனர். அதற்கும் முன்னே நம் நாட்டுக்கென வைத்தியமும் இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் பரியாரிமார் குடும்பங்களில் ஏட்டுச்சுவடிகளாக வழங்கிவந்தன. வெறுநிலத்திற் கிறீன் வந்து விதைத்தார் என்பது பிழை. நோய்க்கும் மருந்துக்கும் சொல்வளம் மிகுந்த ஒரு மொழியினிடத்தே அவர் வந்தார். அவ்வளத்தைக் கண்டுகொண்டார் என்பதே அவர் பெருமை.

வட்டுக்கோட்டையிற் சிறிதுகாலம் இருந்து, பின் மானிப்பாயைத் தம் இடமாகக் கொண்டார். அக்காலத்தில் பண்ணைத் தாம்போதி இல்லை. தீவுகளிலிருந்து நோயாளரைக் கொண்டுவருவோர் வள்ளத்திலேற்றி, கரைசேர்ந்து, மாட்டு வண்டியிலோ தோளிலோ சுமந்து வரவேண்டும். இத்துணைத் தொலைவுக்கு ஒரு வைத்தியர் போதார் என்பதைக் கிறீன் வந்த சில மாதங்களிலேயே உணர்ந்தார் போலும். தாம் ஒருவரே மருந்து கொடுத்துக்கொண்டிராமல், ஊர்தோறும் இருந்து வைத்தியம் செய்யத்தக்க தமிழரை உருவாக்க முனைந்தார். 1848இல் தொடங்கிய அவ்வகுப்பு மிகச் சிறியது. விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரே அதிலிருந்தனர். கொழும்பில் வைத்தியக் கல்லூரி 1870இலேதான் தோன்றியது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முற்பட்டது மானிப்பாய் வகுப்பு.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். விளைவு விரைவிலே தெரிந்தது. ஆங்கிலத்திற் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகம் கிடைத்தவுடன் கண்டிக்கும் கொழும்புக்கும் போயினர். புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் போக ஆளில்லை. வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டதற்கும் இதனையொத்த காரணம் ஒன்று உண்டு. ஆங்கிலக் கல்வி ஊழியத்துக்கு ஆள் தருவதை விட்டு உத்தியோகத்துக்கு ஆள் தந்தது என மிஷன் தலைவர் கருதினர். செமினரியை மூடியது சரியா என்பது வேறு. கிறீன் அதிலிருந்து கற்ற பாடம் மூடுவதன்று, மொழியை மாற்றுவது. உடல்நலங் குன்றி அமெரிக்கா சென்று, அங்கே மணம்புரிந்து, 1862இல் மனைவியாருடன் மீண்டபின், தமிழிலேயே வைத்தியங் கற்பிப்பது என உறுதிகொண்டு 1864இல் அதனைத் தொடங்கினார். ஆங்கிலத்தை விட மனமில்லாத மாணவரும் பெற்றோரும் பலராயிருந்த காலம் அது. பதவிக்கு வழி ஆங்கிலமே என்பது எல்லார்க்கும் தெரிந்ததே. கிறீன் அசைந்தாரல்லர்.

தமிழிற் கற்பிப்பதென்றால் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கற்றரென்பார் ஆங்கிலத்தில் எழுதிய உடல்நூலை 1852இல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரால் வெளியிட்டார். பெயரின் நீளம் கண்டு நகையற்க. அதில் மூன்று சாத்திரங்கள் அடங்கியுள்ளன. அங்காதிபாதம் உறுப்புக்களின் அமைப்பைக் கூறுவது. செவிக்கு நம் கேசாதிபாதத்தை நினைப்பூட்டும் சொல். சுகரணம் கரணங்கள் தொழிற்படுமாறு கூறுவது. உற்பாலனம் உடலைக் காக்குமாறு கூறுவது. 1857இல் பிரசவ வைத்தியமும், 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணமும் வந்தன. இவற்றுட் பல அவருடைய மாணவராகிய டான்போர்த், சாப்மன் முதலியோரின் உழைப்பையும் உடையவை. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேற்படும்.

தமிழாசிரியன் என்ற முறையில் இப்பெயர்களிலே சற்று நிற்க விழைகின்றேன். பிரசவம், இரணம் என்பன மக்கள் வழங்கிய சொற்கள். அவற்றை அப்படியே எடுத்தார். அங்காதிபாதம் வடமொழியாற் கட்டியது. கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலச் சொல்லுக்கு அம் விகுதி கொடுத்துத் தமிழ் உடை உடுத்தியது. வழக்கில் இருப்பதை முதலில் தேடு. இல்லையேல் வடமொழியிற் பார். அதுவும் உதவாதெனில் மேனாட்டுச் சொல்லைத் தமிழொலிக்கு இணக்கு: இதுவே அவர் நெறி. தனித்தமிழ் அன்பர் இந்நெறியை இன்று ஏற்கமாட்டார். வடசொல் மிகுந்து நடை கடினப்பட்டதும் உண்மையே; மனுஷ சுகரணத்தை இன்று எடுத்துப் படிக்க முயல்வார் பெருமூச்சு விடுவர். ஆனால் அக்காலத்துப் பரியாரிமார் வடசொல்லுக்குப் பழகியவர். அவர்க்கு அது அயலன்று. கிறீன் அறிஞரை நோக்கி எழுதவில்லை. தம் முன் அமர்ந்திருந்த மாணவரை நோக்கி எழுதினார். அதனை நினைந்தே அவர் நடையை எடைபோடல் வேண்டும்.

மொழியில் மட்டுமன்று, வாழ்க்கையிலும் அவர் இக்கொள்கையுடையவர். மதம் மாறிய தமிழர் காற்சட்டையும் தொப்பியும் அணிந்து மேனாட்டாரைப் போல நடப்பதை அவர் விரும்பவில்லை. உணவிலும் உடையிலும் தமிழர் தமிழராகவே இருத்தல்வேண்டும் என எண்ணினார். மதம் பரப்ப வந்த ஒருவர் இவ்வாறு எண்ணியது அக்காலத்துக்குப் புதுமை.

இனி, அவர் நூல் பேசும் உடம்பினுள்ளே நம் கொப்புள நோயைத் தேடுவோம். கற்றரின் மூலநூல் தோலை இரு படையாகப் பிரிக்கும்: வெளியே உணர்ச்சியற்ற மேற்றோல், உள்ளே குருதியும் நரம்பும் உடைய மெய்த்தோல். கொப்புளம் என்பது இவ்விரண்டினிடையே நீர் கோத்தல் என்பதே அன்றைய பொது அறிவு. அக்கால ஆங்கில வைத்தியர் தோல்நோய்களை வகுத்த முறை லண்டனில் இருந்த வில்லன் என்பார் வகுத்தது. பரு, செதில், சிவப்பு, கொப்புளம், சீழ் எனக் கண்ணுக்குத் தெரியும் வடிவே வகுப்புக்கு அடிப்படை. பெம்பிகஸ் கொப்புள வகுப்பில் நின்றது. ஜேர்மனியில் ஹனோவர் நகரத்து விச்மன் 1791இல் இதன் நெடுநாள் நோயியல்பை விவரித்திருந்தார். ஏன் வருகிறது என்பதை ஒருவரும் அறியார். மருந்தும் இல்லை. நோயுற்றார் பெரும்பாலார் சில ஆண்டுகளுள் இறந்தனர். உரிந்த தோல்வழியே நீரும் சத்தும் ஒழுக, கிருமி உட்புக, உடல் தீய்ந்துபோம். கிறீன் எத்துணை வல்லவராயினும், நயினாதீவிலிருந்து அத்தகையார் ஒருவர் அவரிடம் வந்திருந்தால், புண்ணைக் கழுவித் துணி சுற்றுவதற்கு மேல் அவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. மேனாட்டு வைத்தியமும் நாட்டு வைத்தியமும் அன்று இந்நோயின்முன் ஒரே நிலையில் நின்றன.

அவர் காலத்திற் கொப்புளத்தை ஆராய நேரமும் ஏது? பெரியம்மை ஒருபுறம் மக்களை வாரியது. அதற்கு அம்மைப்பால் குத்துதல் ஒரு வேலை. 1866இலும் அடுத்த ஆண்டிலும் யாழ்ப்பாணத்தைப் பேதி உலுக்கியது. ஊரூராக மருந்தும் அறிவுரையும் அனுப்புதல் மற்றொரு வேலை. அரசாங்க அதிபர் டைக் துரை காலத்தில் 1850இல் யாழ்ப்பாண நகரில் தோன்றிய வைத்தியசாலைக்கும் அவர் துணைநின்றார். இன்று போதனா வைத்தியசாலையாய் விளங்குவது அதன் வழிவந்ததே. இவற்றினிடையே இரவில் மொழிபெயர்ப்பு. 1873இல் உடல் தளர்ந்து அவர் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கியபோது, அவரிடம் கற்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டிருந்தனர்.

வூஸ்ரர் சேர்ந்தும் தமிழை விட்டாரல்லர். பனி பெய்யும் ஊரிலிருந்து, கப்பல்வழி வந்த கையெழுத்துப் படிகளைத் திருத்தி அனுப்பினார். 1884 மே 28ஆம் நாள் தமது அறுபத்திரண்டாம் வயதிற் காலமானார். தமிழர்க்கு வைத்திய ஊழியம் புரிந்தவர் என்பதையே அவர் கல்லறைக் கல் அவருக்குரிய சிறப்பாகக் குறிப்பிடுகிறது. பட்டமும் குடும்பப் பெருமையும் அங்கு இடம்பெறவில்லை.

அவர் மறைந்த அதே 1884இல், அமெரிக்காவிலேயே பிலதெல்பியா நகரத்துத் தூரிங் என்னும் வைத்தியர், கொப்புள நோய்கள் யாவும் ஒன்றல்ல எனக் காட்டினார். கடுந் தினவோடு கூட்டங்கூட்டமாய்ச் சிறு கொப்புளம் எழும் ஒருவகையைப் பிரித்து வேறு பெயரிட்டார். குவிந்துகிடந்த நெல்லிற் பதரைப் பிரிப்பதுபோல் அன்று தொடங்கிய பிரிப்பு எழுபது ஆண்டு நீடித்தது. 1943இல் பிரான்சு நாட்டுச் சிவாற் என்பவர் நுணுக்குக்காட்டியிற் கண்டது முக்கியமானது. பெம்பிகஸில் மேற்றோலின் கலங்களே ஒன்றையொன்று பற்றியிருந்த பிடியை விட்டு விலகி நீரில் மிதக்கின்றன என்றார் அவர். 1953இல் பொஸ்ரன் நகரில், அதாவது கிறீன் பிறந்த மாநிலத்திலேயே, லீவர் என்பார் முதியோர்க்கு வரும் மற்றொரு கொப்புள நோயை வேறாக்கி அதனைப் பெம்பிகொயிட் என்றார். அதன் கொப்புளம் இறுகிப் பருத்தது, எளிதில் உடையாது. அங்கே கலங்கள் பிரிவதில்லை. மேற்றோல் முழுவதும் தன் அடித்தளத்தினின்று கழன்று எழுகிறது. சுவரின் கற்களிடையே சாந்து கரைந்தால் சுவர் உதிரும். அத்திவாரத்தினின்று சுவர் கழன்றால் முழுச்சுவரும் எழும்பும். முன்னது பெம்பிகஸ், பின்னது பெம்பிகொயிட்.

சாந்தைக் கரைப்பது யார்? இங்கேதான் வியப்பு. 1964இல் அமெரிக்காவின் பபலோ நகரத்துப் பியூற்னரும் ஜோர்டனும் நோயாளரின் குருதிநீரை எடுத்து, ஒளிரும் சாயத்தின் துணைகொண்டு, அதிலுள்ள ஒரு பொருள் தோலில் எங்கே படிகிறது என்று பார்த்தனர். ஒவ்வொரு கலத்தின் விளிம்பிலும் அது படிந்து பச்சையாய் ஒளிர்ந்தது. பார்ப்பதற்கு மீன்வலை விரித்தாற்போலத் தோன்றும் என வைத்தியர் கூறுவர்; நெடுந்தீவாருக்கு வேறு உவமை வேண்டா. படிந்தது வெளியிலிருந்து வந்த நஞ்சன்று. நோயிலிருந்து நம்மைக் காக்கவென நம் குருதி தானே ஆக்கும் காவற்பொருள். காவலன் வீட்டுக்காரனையே கள்வனென்று எண்ணி அடிக்கின்றான். தோற்கலங்களைப் பிணைக்கும் டெஸ்மோகிளைன் என்னும் புரதமே அடிபடும் பொருள் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. தோலினும் வாயின் உட்புறம் முதலில் புண்ணாவதன் காரணமும் விளங்கிற்று. அப்புரதத்தில் வகைகள் உண்டு. வாயினுள்ளே பிடிப்புக்கு முதன்மையான வகையே இந்நோயிற் பெரும்பாலும் முதலில் தாக்குண்பது.

இதனை நம்ப அறிஞர் உலகம் நெடுங்காலம் தயங்கியது. ஜேர்மனிய மேதை ஏர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னையே அழிக்கும் பொருளை ஆக்காது, அதனை ஓர் அச்சம் தடுக்கும் என்று கருதினார். அவர் நுணுகிக் கூறியதைப் பின்வந்தோர் சட்டமாக்கிவிட்டனர். பெரியோர் சொல்லைப் பொருள் ஆராயாது பற்றிக்கொள்வது புலவர் கூட்டத்துக்கு மட்டும் உரிய குறையன்று போலும்.

நம் பாடநூல்கள் அக்காவற்பொருளுக்கு இட்ட பெயரைக் காண்க. இலங்கையிலே தமிழில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் அதனைப் பிறபொருளெதிரி என்பர். அழகிய பெயர், பொருள் விளங்கும் பெயர். ஆயினும் பிற பொருளை எதிர்ப்பது என்னும் அப்பெயரினுள்ளே, தன் பொருளை எதிர்க்காது என்னும் பழைய நம்பிக்கை மறைந்து கிடக்கிறது. பெம்பிகஸிற் பிறபொருளெதிரி தன்பொருளெதிரி ஆகிவிடுகிறது. ஆங்கிலப் பெயரிலிருந்து நோயாளிக்கு ஒன்றும் புலப்படாது. பிறபொருளெதிரி தன்பொருளெதிரியாயிற்று என்று சொன்னால், எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளை தன் பாட்டிக்கு எடுத்து விளக்கும். நோயின் காரணம் முழுவதும் ஒரு தொடரில் அடங்கிவிட்டது. கிறீன் செய்ய விழைந்தது இதுவே. அவர் இருந்திருப்பின் இந்நோய்க்குப் பெம்பிகம் என அம் விகுதி கொடுத்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

ஆனால் அவர் தொடங்கியது தொடரவில்லை. தமிழில் வைத்தியம் கற்பித்தல் அவர் தலைமுறையோடு பெரும்பாலும் அற்றது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் தோன்றிய மருத்துவபீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. அதனைக் குறைசொல்லல் என் கருத்தன்று. உலகத்து வைத்திய அறிவு நாள்தோறும் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருக்க, மொழிபெயர்த்து முடிவதற்குள் நூல் பழசாகிவிடும். கிறீனுடைய நூல்களும் அவ்வாறே பழசாயின. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை அவர் வாழ்நாளின் இறுதியிலேதான் நிலைபெற்றது. ஆகவே வைத்தியாகரத்தை இன்று வைத்தியத்துக்குப் பயன்படுத்த ஒருவரும் துணியார். எனினும், வைத்தியர் ஆங்கிலத்திற் கற்றாலும் நோயாளியிடம் பேசுவது தமிழிலன்றோ? கற்பிக்கும் மொழி வேறு, விளக்கும் மொழி வேறு. முன்னதில் கிறீன் தோற்றார். பின்னதில் அவர் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

திறந்திருப்பதன் பயனை இந்நோயிலே காணலாம். 1950களில் ஸ்ரீரொயிட் என்னும் மருந்துவகை வழக்குக்கு வந்தபின் பெம்பிகஸ் உயிர்கொல்லி என்னும் நிலை மாறிற்று. 1980களில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துப் பஸ்ரிச்சா, மாதந்தோறும் மூன்று நாள் மருந்தைப் பேரளவிற் குருதியிலேற்றும் முறையொன்றைக் கண்டார். இந்தியாவெங்கும் அது பரவியது. பிறபொருளெதிரியை ஆக்கும் கலங்களையே குறைக்கும் ரிற்றுக்சிமாப் என்னும் மருந்தை 2018இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கென ஏற்றது. இன்று உரிய காலத்தில் வைத்தியரை அடைந்தார் பெரும்பாலார் பிழைக்கின்றனர். ஆனால் உரிய காலம் என்பது வேப்பிலைக்கும் வைத்தியசாலைக்கும் இடையே கழியும் நாட்களைப் பொறுத்தது.

ஆகவே தீவகத்தார் தமிழில் அறிந்திருக்கவேண்டியன சில உள. வாய்ப்புண் மூன்று நான்கு வாரங் கடந்தும் ஆறாவிடின், அல்லது கொப்புளம் கொப்பளிப்பானைப்போல் வற்றாமல் புதிது புதிதாய் எழுந்தால், ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிற் காட்டி, யாழ்ப்பாணத்துத் தோல்நோய் வைத்தியரிடம் செல்லவேண்டும். சிறு தோற்றுண்டை எடுத்து அவர் ஆராய்வார். அதனாற் பெரிய நோவில்லை. உரிந்த இடத்தில் மஞ்சளும் இலைச்சாந்தும் அப்புதல் கூடாது. அது ஒட்டிக்கொண்டு தோலை மேலும் உரிக்கும், கிருமிக்கும் வழிவிடும். நோயாளி தொட்ட பாத்திரத்தை ஒதுக்கவேண்டியதில்லை. பேரப்பிள்ளை மடியில் இருக்கலாம். நோயாளி உறைப்பையும் கடினமான உணவையும் தவிர்த்தல் நல்லது. ஸ்ரீரொயிட் குளிசை எடுப்பார்க்குச் சர்க்கரையும் இரத்த அமுக்கமும் ஏறக்கூடும், எலும்பு தேயக்கூடும், காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும். ஆகையால் இடையிடையே பரிசோதனை தேவை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. புண் ஆறிவிட்டது என்று எண்ணிக் குளிசையைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் கூடாது. உடல் அம்மருந்துக்குப் பழகித் தான் சுரக்கவேண்டியதைச் சுரவாது விட்டிருக்கும். சட்டென நிறுத்தினால் மயங்கி விழுவர், உயிருக்கும் மோசம் வரலாம். வைத்தியரே படிப்படியாய்க் குறைப்பார். நெடுந்தீவார் இதனைச் சிறப்பாக நினைவில் வைக்கவேண்டும். மார்கழியிற் காற்றும் மழையும் மிகுந்து குறிகட்டுவானுக்கு வள்ளம் ஓடாத நாட்கள் உண்டு. ஆகவே, வைத்தியரிடம் இடநிலையைச் சொல்லி, கடல் அடங்கும்வரை போதுமான குளிசையை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும்.